நாகேஷ் போடச் சொன்ன கோடு

வள்ளியம்மாவின் இட்லி வண்டி அந்தச் சந்துக்குள் நுழைய முடியாமல் போனால் அவளுக்குப் பிழைப்பே இல்லை. கன்னட நாட்டு ஜோகுபாளையத்தில் அவள் வீடு பின்னால், நாகேஷின் வீடு முன்னால். அவன் வீட்டை ஒட்டி ஓடும் சந்துதான் அவளுக்கு வாசல், ரோடு, எல்லாமே. விடிவதற்குள் வண்டி அதன் வழியாக வெளியே போகும், மத்தியானம் திரும்பி வரும். ராத்திரி தெருவில் விட்டால் காலையில் சக்கரம்கூட மிஞ்சாது.

கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் வாடகைக்கு ரூம் தேடி மெட்ராஸ் ரோட்டில் அலையத் தொடங்கிய வருஷங்கள் அவை. நாகேஷுக்கும் ஆசை வந்துவிட்டது. சந்தில் பாதி தன்னுடையது, சுவர் எழுப்பி உள்ளே ரூம் கட்டப்போகிறேன் என்றான். வள்ளியம்மா விடவில்லை. வாய்ச்சண்டை முற்றி, கடைசியில் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர் அர்ஜுனன் முன்னால் இருவரும் போய் நின்றார்கள். வண்டி போக வர வழி விட்டுவிட்டுச் சுவர் வைத்துக்கொள் என்று அவர் தீர்த்துவைத்தார்.

"வண்டி இன்னாண்ணே, தேரே போலாம், அவ்ளோ வுடறேன்" என்று நாகேஷ் எரியும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினான். அதை நம்பி வள்ளியம்மா நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பியவள் சந்து முனையில் குவிந்திருந்த செங்கல்லையும் சிமெண்ட் மூட்டைகளையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சுவர் ஒருமுறை எழும்பிவிட்டால் யார் இடிப்பார்கள்? கோர்ட்டுக்குப் போனால் அவள் காலத்தில் முடியுமா? சந்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

சுவர் இல்லை. சந்தின் நட்டநடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பளபளவென்று ஒரு சுண்ணாம்புக் கோடு. பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் மேஸ்திரி பச்சைமுத்து. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து போன வாரம்தான் வந்தவர்.

"இன்னா மேஸ்திரி இது?"

"கோடும்மா. நாகேஷ் சார் போடச் சொன்னாரு. காலையில அவசரமா டூட்டிக்குக் கெளம்புறப்ப, ரெண்டு கல்லு நட்டுட்டு, 'ஈ கல்லிந்த ஆ கல்லிகெ கோடெ ஹாக்கு'ன்னாரு. கன்னடம் எனக்கு அவ்ளோ வராது. ஆனா இந்தக் கல்லுலேந்து அந்தக் கல்லுக்குக் கோடுன்னு புரிஞ்சிச்சு, போட்டுட்டேன். ரெண்டாந்தடவையும் தூவி வெச்சிருக்கேன், பாருங்க, எவ்ளோ நேரா இருக்குது!"

"அப்ப செங்கல்லு?"

"அது நாளைக்கின்னு நெனச்சேன்."

வள்ளியம்மாவுக்கு ஒரு நொடிதான் பிடித்தது. கன்னடத்தில் கோடெ என்றால் சுவர். இதே சந்தில் பிறந்து தமிழ் பேசி வளர்ந்த நாகேஷ், ஒரு பெரிய ஆபீசருக்கு டிரைவரானதிலிருந்து வேலைக்காரர்களிடம் கன்னடத்தில்தான் அதிகாரம் பண்ணுவான். அந்தப் பவிசு இன்று அவன் காலையே வாரிவிட்டது. அவள் வண்டிக் கைப்பிடியைப் பிடித்தபடி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

காலால் தேய்த்துக் கோட்டை அழித்திருக்கலாம். அவள் அழிக்கவில்லை. வண்டியை நேராக அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். பாதி வண்டி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. பிறகு போய் அர்ஜுனனை அழைத்து வந்தாள். அவர் வருவதைப் பார்த்து தெருவே பின்னால் வந்தது.

சாயங்காலம் நாகேஷ் வந்தான். சுவரைக் காணோம், கூட்டத்தைத்தான் கண்டான்.

"மேஸ்திரி! கோடெ எல்லி?"

"இதோ சார், கோடு!" என்று பச்சைமுத்து பெருமையோடு காட்டினார்.

சந்தே அதிரும்படி சிரிப்பு எழுந்தது. அர்ஜுனன் மட்டும் சிரிக்கவில்லை.

"இதும்மேலயா சுவரு எழுப்பப்போற? வண்டி எங்கப்பா போவும்?"

"ஐயோ அண்ணே, மேஸ்திரி தப்பா பண்ணிட்டாரு."

சுவர் எழும்பிய பிறகு சொல்வதற்காக அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனம் அது. ஆள் இல்லாதபோது வேலை நடக்கட்டும் என்று டியூட்டிக்கு ஓடியதும் இதற்காகத்தான் என்று வள்ளியம்மாவுக்கு அப்போது விளங்கியது. ஆனால் பச்சைமுத்துவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நானா சார் தப்பு? நீங்க நட்ட கல்லுலேந்து நீங்க நட்ட கல்லுக்கு நூல் புடிச்சிப் போட்டிருக்கேன். நீங்களே புடிச்சிப் பாருங்க!"

யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. இரண்டு முனையிலும் கல் நட்டுக்கொண்டு நின்றது.

வள்ளியம்மா துடைப்பத்தை எடுத்துக் கோட்டைப் பெருக்கித் தள்ளினாள். வண்டியை நகர்த்தித் தன் சுவர் ஓரமாக நிறுத்தினாள்.

"மேஸ்திரி, என் முட்டி இடிக்காம நான் தள்ளிக்கினு போவணும். அதுக்கு அந்தாண்ட போடு."

பச்சைமுத்து நூல் பிடித்தார். புதுக் கோடு நாகேஷ் வீட்டுப் பக்கமாக நன்றாக ஒதுங்கி விழுந்தது.

"என்னப்பா, சரியா? இல்ல, கற்பூரம் எடுத்தாரச் சொல்லட்டா?" என்றார் அர்ஜுனன்.

"சரிண்ணே" என்றான் நாகேஷ்.

"அண்ணங்கிட்ட சொன்னா போதாது நாகேசு," என்றாள் வள்ளியம்மா. "மேஸ்திரிகிட்ட சொல்லு. தமிழ்ல சொல்லு, அவருக்குப் புரியணும்."

நாகேஷ் பச்சைமுத்து பக்கம் திரும்பினான். "மேஸ்திரி... இந்தக் கோட்டு மேல... சுவரு கட்டு" என்றான். கைதட்டல் தெருமுனை டீக்கடை வரை கேட்டது.

மறுநாள் மத்தியானம் வள்ளியம்மா திரும்பி வந்தபோது சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. வேண்டுமென்றே இரண்டு முழங்கையையும் அகல விரித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினாள். எங்கும் இடிக்கவில்லை. பாதி வழியில் நின்று, ஆறாத இட்லி நாலை எடுத்து இலையில் வைத்து பச்சைமுத்துவிடம் நீட்டினாள்.

"மேஸ்திரி, நேத்து போட்டது கோடு. இதான் கோடெ. நல்லா கத்துக்கினியா?"

"கத்துக்கினேம்மா," என்றார் அவர். "கத்துக்காம இருந்ததே நல்லதாப் போச்சு."