சொந்தக்காரர் இல்லாத குழாய்

வரைபடத்தின்படி அந்த இடத்தில் மண்ணைத் தவிர வேறெதுவும் இல்லை. சோதனைக் குழி தோண்டியபோது ஒரு குழாய் தென்பட்டது. துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய். குனிந்து காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுவது கேட்டது.

மதுமதி, தலைநகரின் புதிய மெட்ரோ தடத்தில் ஒரு சுரங்க ஸ்டேஷனைக் கட்டும் ஒப்பந்த நிறுவனத்தில் பொறியாளர். தரைக்கு அடியில் ஏற்கெனவே கிடக்கும் குழாய்களையும் கேபிள்களையும் கண்டுபிடித்து, அந்தந்தத் துறையிடம் அனுமதி வாங்கி, அவற்றை ஓரமாக நகர்த்துவது அவள் வேலை. எல்லாம் நகர்ந்த பிறகுதான் ஸ்டேஷனின் பக்கச் சுவர்களைப் பூமிக்குள் இறக்க முடியும். அவள் படித்தது இதற்காக இல்லை. அவள் போக விரும்பியது சுரங்கத்துக்கு. ராட்சத எந்திரம் மண்ணைத் தின்றுகொண்டே நகர, அதன் முதுகுக்குப் பின்னால் வளையம் வளையமாகச் சுவர் எழும் அந்த இடத்துக்கு. மேலே ஒரு கல்யாண ஊர்வலம் டோலக் அடித்துக்கொண்டு போகும், கீழே அதே நேரத்தில் தான் நடந்துகொண்டிருப்பாள் என்று பஸ்ஸில் உட்கார்ந்து பலமுறை கற்பனை செய்திருக்கிறாள். சுரங்கக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. திட்ட மேலாளர் நரேன் அவள் பெயரைப் பரிந்துரைத்து அனுப்பியும் விட்டார். ஸ்டேஷன் சுவர் வேலை ஆரம்பித்ததும் அவள் போகலாம் என்பது பேச்சு.

நடுவில் அந்தக் குழாய் வந்து படுத்துக்கொண்டது.

முதலில் தண்ணீர்த் துறைக்கு எழுதினாள். எங்கள் வரைபடத்தில் இப்படி ஒரு குழாய் இல்லை, ஆகவே இது எங்களுடையது அல்ல, ஆனால் உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் தொடக்கூடாது என்று பதில் வந்தது. தோட்டத் துறைக்கு எழுதினாள், பூங்காவுக்குத் தண்ணீர் போகிற குழாயாக இருக்கலாம் என்று. பூங்கா எங்களுடையது, குழாய் அல்ல என்றார்கள். சாலைத் துறையினர் நேரில் வந்து குழியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த நாடும் சேர்த்துக்கொள்ளாமல் விமான நிலையத்திலேயே வருடக்கணக்கில் தங்கிவிட்ட பயணியைப் போல அந்தக் குழாய் குழிக்குள் கிடந்தது. பனிக்காலத்தில் காற்று கெட்டுப்போய்விட்டது என்று கட்டுமானத்தை நிறுத்தி வைத்ததில் போன நாட்கள் போதாதென்று, இப்போது வெயில் காலமும் போய்க்கொண்டிருந்தது.

நரேன் மீரட்காரர். குரலை உயர்த்த மாட்டார், ஆனால் ஒரே கேள்வியை தினமும் கேட்பார். ஒரு நாள் அதையும் கேட்காமல் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வால்வை மூடு" என்றார். எல்லாத் தளங்களிலும் கடைசியில் செய்வது அதுதான். கடிதத்துக்குப் பதில் வராத இடத்தில் தண்ணீரை நிறுத்தினால் சொந்தக்காரர் தானாகக் கத்திக்கொண்டு வருவார். இதுவரை தவறியதே இல்லை என்றார். ஒரு தடவை கேபிள் ஒன்றை அணைத்தபோது அரை மணி நேரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் முதலாளி செருப்பில்லாமல் ஓடி வந்தாராம்.

குழாயில் தண்ணீர் வரும் பக்கத்தில் ஒரு பழைய வால்வு இருந்தது. ஃபிட்டர்கள் அதைத் தட்டித் தட்டி மூடினார்கள். மதுமதி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் வரவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பழைய இணைப்பு, பயன்பாட்டில் இல்லை என்று அவள் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை வெட்டி எடுப்பதென்று முடிவானது. சுரங்கக் குழுவில் இருந்த திருநெல்வேலிக்காரன் சாய்ராம், ஹெல்மெட்டில் அவள் பெயரை எழுதி வைத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினான்.

சனிக்கிழமை காலையில் வாசல் காவலர் ஒரு புகார் சொன்னார். லாரிகளின் சக்கரத்தைக் கழுவும் தொட்டி இரண்டு நாளாகக் காலையில் பாதிதான் இருக்கிறது, டாங்கர்காரன் ஏமாற்றுகிறான் என்றார். மதுமதி டாங்கர்காரனைக் கூப்பிட்டுத் திட்டினாள். அவன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். அவன் போன பிறகு தொட்டியைப் பார்க்கப் பின்பக்கம் போனவள், அங்கே தாயம்மாளைப் பார்த்தாள்.

தாயம்மாள் தள அலுவலகத்தைப் பெருக்கி, டீ போட்டுக் கொடுக்கிறவர். கள்ளக்குறிச்சிப் பக்கம். இதே ஊரில், ஜனக்புரியில் பிறந்து வளர்ந்த மதுமதியின் தமிழைக் கேட்டு முதல் நாளிலேயே சிரித்தவர். தொட்டிக்குத் தண்ணீர் விடும் ஹோஸைப் பிடுங்கி, நீலக் கேன் ஒன்றில் சொருகி வைத்திருந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு கேன்கள். கான்கிரீட்டில் கலக்கும் ரசாயனம் வந்த கேன்கள்.

"அக்கா, அது கெமிக்கல் கேன். அதுல தண்ணி பிடிக்கக் கூடாது" என்றாள் மதுமதி. முதலில் அதுதான் வாயில் வந்தது.

"நல்லா கழுவிட்டேன் மேடம். குளிக்கத்தான்."

"இது டாங்கர் தண்ணி. குளிக்கவும் கூடாது. வீட்டுல தண்ணி வரலையா?"

தாயம்மாள் ஹோஸை எடுத்துத் தொட்டியில் போட்டார். அவர் குடியிருப்பது நாலா என்கிற கழிவுநீர்க் கால்வாய்க்கு அந்தப் பக்கம், அதை ஒட்டிய குடிசைகளில், ஜுக்கிகளில். மதுமதி அந்தப் பக்கம் பார்த்தாள். குழி இருக்கும் இடத்திலிருந்து ஒரு நேர்கோடு போட்டால் அங்கேதான் போய் முடியும். இவ்வளவு நாள் அந்தக் கோட்டை அவள் போட்டுப் பார்க்கவே இல்லை. ஏனென்றால் வரைபடத்தில் நாலாவுக்கு அப்பாலும் மண் மட்டும்தான் இருந்தது.

"அந்த பைப் உங்களோடதா?"

"எங்களோடதுன்னு எப்படி மேடம் சொல்றது. நாங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ இழுத்துவிட்டது. அதுலதான் எல்லாரும் புடிக்கிறோம்."

மதுமதிக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மாதமாக அவள் இந்த மேஜையிலிருந்துதான் ஒவ்வொரு துறைக்கும் போன் செய்தாள். யாருடையது, யாருடையது என்று கேட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம் பக்கத்தில் டீ டம்ளரை வைத்துவிட்டுப் போனவர் இவர்தான்.

"மூணு நாளா தண்ணி இல்லாம இருந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என்கிட்ட தமிழ்லயே சொல்லியிருக்கலாமே. நான் என்ன போலீஸா?"

"முன்னாடி நாங்க இருந்த மதராசி கேம்ப்ல கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னோம் மேடம்" என்றார் தாயம்மாள். குரலில் சண்டை இல்லை. "பேரு கேட்டாங்க, சொன்னோம். ரேஷன் கார்டு, கரண்ட் பில்லு, எல்லாம் காட்டுனோம். நல்லதுக்குத்தான்னாங்க. அப்புறம் உனக்கு வீடு கெடையாதுன்னுட்டு ஜேசிபி வந்துச்சு. இங்க வந்து இப்பத்தான் ஒரு வருசம். தண்ணி வரலைன்னு நாங்க கத்துனா, நீங்க யாரு, எத்தினி பேரு, யாரு கனெக்சன் குடுத்ததுன்னு கேப்பாங்க. தண்ணி இல்லாட்டி எங்கியாச்சும் தூக்கிக்கலாம். வீட்டத் தூக்கிக்கினு எங்க போறது?"

சொல்லிவிட்டுக் கேன்களைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்பது போல இருந்தது. மதுமதி திரும்பி உள்ளே வந்துவிட்டாள். பின்னால் மறுபடியும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஞாயிறு முழுக்க ஜனக்புரி வீட்டில் அறையைவிட்டு வெளியே வராமல் யோசித்தாள். குழாயைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அறிக்கையை மாற்றி எழுதலாம். எழுதினால் அது தண்ணீர்த் துறைக்குப் போகும். திருட்டு இணைப்பு என்று அவர்களே வந்து வெட்டுவார்கள், கூடவே ஜுக்கியைப் பார்வையிட இன்னொரு துறையைக் கூட்டி வருவார்கள். எழுதாவிட்டால் திங்கட்கிழமை தளத்து ஃபிட்டர்களே வெட்டுவார்கள். ஓரமாக நகர்த்தலாம் என்றால், நகர்த்துவதற்கு ஒரு சொந்தக்காரர் ஒப்புதல் தர வேண்டும். எல்லாத் துறையும் ஒரே வாயாக எங்களுடையது அல்ல என்று சொல்லிவிட்டது. எங்களுடையது என்று சொல்லக்கூடிய ஒரே கூட்டத்தாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவளுக்கு அவர்கள் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. ஒருவராவது வந்து கத்தியிருந்தால், எங்கள் தண்ணீர் எங்கே என்று நரேனின் மேஜையைத் தட்டியிருந்தால், தான் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கத்தத் தெரியாதவர்களுக்காக யார் எவ்வளவு தூரம் யோசிப்பது? மத்தியானம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தாள்.

திங்கட்கிழமை ஃபிட்டர்கள் கட்டரை எடுத்து வைப்பதற்கு முன்னால் நரேனின் கன்டெய்னர் அறைக்குப் போனாள்.

"சார், அந்த பைப் நம்மோடது" என்றாள் இந்தியில்.

நரேன் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார். முன்பு மண் பரிசோதனைக்கு வந்த குழு துளை போடுவதற்குத் தண்ணீர் வேண்டுமென்று பழைய குழாயைப் போட்டு இழுத்தது, பொறுப்பை ஒப்படைக்கும்போது தன்னிடம் வாயால் சொன்னார்கள், வரைபடத்தில் குறிக்கத் தான் மறந்துவிட்டதாகச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்திருந்தும் நடுவில் நாக்கு குழறியது. அந்தக் குழு வேலையை முடித்துக்கொண்டு எப்போதோ வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது.

"துறை துறையா லெட்டர் எழுதினது நீதானே?"

"ஆமா சார்."

"நம்ம பைப்புக்கு?"

"ஆமா சார்."

அவர் சிரிக்கவில்லை. நம்முடையது என்றால் நல்லதாகப் போயிற்று, யாரையும் கேட்க வேண்டாம், வெட்டிவிடலாம் என்றார். அதற்கும் அவள் பதில் வைத்திருந்தாள். சுவருக்காகத் தோண்டும்போது பக்கங்கள் சரியாமலிருக்க ஊற்றும் களிமண் கரைசலுக்குத் தண்ணீர் நிற்காமல் வேண்டும். ஜூன் மாதத்தில் டாங்கரை நம்ப முடியாது. இதை வேலிக்கு வெளியே ஓரமாகத் தள்ளித் தொங்கவிட்டால் ஆத்திர அவசரத்துக்கு உதவும், அரை நாள் வேலைதான். நரேன் ஜன்னல் வழியாகக் குழியைப் பார்த்தார். பிறகு நாலா பக்கமும் பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்தது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தள்ளு" என்றார். "நாளைக்குள்ள குழி காலியாகணும்." அவள் கதவு வரை போன பிறகு, "மது" என்று கூப்பிட்டார். "சுரங்கத்துல கீழ போனா, மறந்துட்டேன்னு மேல வந்து சொல்ல முடியாது. உன் பேரை நான் திருப்பி வாங்கிக்கிறேன். தப்பா நினைக்காதே."

அவள் தலையாட்டினாள். அவர் இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் விஷயம் சுரங்கம் வரை போய்விட்டது. சாய்ராம் போன் செய்தான்.

"ஏ, பைப்பை மறந்துட்டியாமே? இங்க வந்திருந்தா எந்திரத்தையே பூமிக்குள்ள வச்சு மறந்திருப்ப போலுக்கே."

"அச்சா, போதும்" என்றாள் மதுமதி.

"ஹெல்மெட்ல எழுதின பேரைச் சொரண்டியெடுக்க ஒரு பயலுக்கும் மனசு வரல. நீயே வந்து சொரண்டிட்டுப் போ, என்ன."

அவன் கிண்டல் செய்வது வருத்தத்தில்தான் என்று புரிந்தது. அவனிடம் உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவன் இன்னொருவனிடம் பெருமையாகச் சொல்வான், அப்படியே அது நரேனிடம் வந்து நிற்கும். போனை வைத்துவிட்டு, ஃபிட்டர்களிடம் காரணமில்லாமல் எரிச்சல் பட்டாள். குழாய் வேலியோரமாக, இரும்புக் கோணங்களின் மேல் நீலப் பெயின்ட் அடிக்கப்பட்டுத் தொங்கியது. அதில் நிறுவனத்தின் பெயரை எழுதச் சொன்னாள். வால்வைத் திறந்தபோது குழாய் கொஞ்சம் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

புதன்கிழமை சுவருக்கான தோண்டும் எந்திரம் உள்ளே வந்தது. நரேன் தேங்காய் உடைத்தார். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மதுமதி ஓரத்தில் நின்றாள். கூட்டம் கலைந்ததும் தாயம்மாள் டீ கொண்டு வந்து கொடுத்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. குழாயில் எழுதியிருந்த பெயரை வாசிக்கத் தெரியாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வருது மேடம்."

"தெரியும்."

"உங்களை ஏதோ சொன்னாங்களாமே. காவக்காரர் சொன்னாரு."

"ஒண்ணும் இல்லக்கா. விடுங்க."

தாயம்மாள் விடவில்லை. ஆனால் அவர் கேட்டது வேறு. "இது எத்தினி நாளைக்கு இருக்கும்?"

"ஸ்டேஷன் முடியற வரைக்கும். முடிஞ்சா நாங்க போட்டது எல்லாத்தையும் கழட்டணும்."

"அது எப்ப முடியும்?"

மதுமதி அதிகாரபூர்வத் தேதியைச் சொன்னாள். தாயம்மாள் உதட்டைப் பிதுக்கினார். "அது அவங்க சொல்றது. நீங்க சொல்லுங்க."

மதுமதி யோசித்தாள். இன்னும் நகர்த்தப்படாத எரிவாயுக் குழாய் இருந்தது. வெட்ட அனுமதி வராத வேப்பமரங்கள் இருந்தன. எந்தத் துறையும் ஒத்துக்கொள்ளாத மின்கேபிள் ஒன்று நேற்றுதான் அகப்பட்டிருந்தது. பனிக்காலம் வந்தால் மறுபடியும் எல்லாம் நிற்கும். அவை ஒவ்வொன்றின் பின்னாலும் அவள்தான் இனி அலைய வேண்டும், இதே மேஜையிலிருந்து, இதே கேள்வியோடு.

"லேட்டாகும்க்கா" என்றாள். "ரெண்டு மூணு வருஷம் கூடவே ஆகும்."

தாயம்மாளின் முகம் தெளிந்தது. அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டு, காலி டம்ளருக்காகக் கையை நீட்டினார். மதுமதி இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.