எஸ்தெலா மேமின் கழுத்தில் ஏறிய அட்டை

பிலிப்பைன்ஸின் செபு நகரில் கொரியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் பயிற்சி மையம் அது. வேலை கேட்டு வருபவர்கள் மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். பணியிலிருக்கும் ஆசிரியைகளே மக்குப் பிள்ளைகளாக உட்கார்ந்து உயிரை வாங்குவார்கள். தலைமை ஆசிரியை ஜினலினுக்கு அதில் தனி ருசி. கொரியர்கள் வாய்க்கு எளிதாக இருக்கட்டும் என்று அங்கே அவள் பெயர் டீச்சர் ஜேன்.

அன்று வந்தவள் எஸ்தெலா மேம். இருபத்தைந்து வருடத்துக்கு முன், வகுப்பில் தாய்மொழியில் பேசியதற்காக, 'நான் பிசாயா பேசினேன்' என்ற அட்டையை ஜினலின் கழுத்தில் மாட்டி மீன் சந்தை வழியே வீட்டுக்கு நடக்கவிட்டவள். மீன் விற்ற அம்மா உட்படச் சந்தையே பார்த்தது. மறுநாளிலிருந்து ஜினலின் அந்தப் பள்ளிப் பக்கமே போகவில்லை. கிழவிக்கு இப்போது அவளை அடையாளம் தெரியவில்லை.

"வீட்டுக்காரருக்கு வாரம் ரெண்டு தடவ டயாலிசிஸ். இந்த வேலைய விட்டா வேற வழியில்ல" என்று எஸ்தெலா வந்ததுமே சொல்லிவிட்டாள்.

இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்குவது பாடம். 'மழை பெய்தது', 'நாங்கள் நனைந்தோம்' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். "ரெண்டும் தனியா நிக்கத் தெரிஞ்ச ஆளுங்க. கை கோத்து விடுறதுக்குத்தான் இந்த 'அண்ட்'" என்றாள். பிரமாதமாகத்தான் நடத்தினாள்.

"புரியல மேம்." ஜினலின் ஐந்து முறை சொன்னாள். "நான் மக்கு மேம்" என்று கண்ணையும் கசக்கினாள். பின்வரிசை கிளுகிளுத்தது.

எஸ்தெலா குனிந்து காதருகே சொன்னாள்: "'அண்ட்'னா நம்ம பிசாயா 'உக்'தான் கண்ணு."

ஜினலின் எழுந்தாள். "பிசாயா பேசிட்டீங்க. ஒரு வார்த்த பேசினாலும் இங்க வேலை கிடையாது. வாசல்லயே எழுதியிருக்கு."

எஸ்தெலா சாக்பீஸைக் கீழே வைத்தாள். "நானும் கறாரா இருந்தவதான். ஒரு பொண்ணு கழுத்துல அட்டைய மாட்டி அனுப்பினேன். திரும்பி வரவேயில்ல. அதுலேருந்து பிள்ளைங்க அழுதா வாய் தானா பிசாயாவுல சொல்லிடுது."

"அந்தப் பொண்ணு பேரு?"

"ஜினலின். ஞாயித்துக்கிழம தவறாம அவளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துறேன்."

அத்தனை வருடம் ஜினலினுக்குள் ஊறிய வன்மம் ஒரு மெழுகுவத்திக்கு இளகிவிடுமா? வகுப்பில் கொரிய மொழி பேசிவிடும் பிள்ளைகளுக்குத் தண்டனையாக மாட்டவென்று வைத்திருந்த அட்டையை எடுத்துக் கிழவியின் கழுத்தில் மாட்டினாள். "கேட் வரைக்கும் கழட்டக்கூடாது."

"அடுத்த மாசம் மறுபடி வந்து பாக்கட்டுமா, டீச்சர் ஜேன்?"

"வராதீங்க."

ஜன்னலிலிருந்து பார்த்தாள். கேட்டைத் தாண்டியும் எஸ்தெலா அட்டையைக் கழற்றவில்லை. கழுத்தில் அது தொங்கத் தொங்கவே அதே மீன் சந்தைப் பக்கம் நடந்தாள்.