கர்த்தர் சொல்லாதது

1

இது முதலில் கதையே இல்லை. எங்கள் சபையின் வெள்ளிவிழா மலருக்குக் கேட்ட இரண்டு பக்கக் கட்டுரை. "பாஸ்டரோட தாழ்மையப் பத்தி எழுதுங்கம்மா. கூடப்பிறந்த தங்கச்சி எழுதினா உருக்கமா இருக்கும்" என்றார் சபைச் செயலாளர்.

'என் அண்ணன் சிறு வயதிலிருந்தே பணிவானவர்.' பொய். கேரம் ஆட்டத்தில் தோற்றால் பலகையைக் கவிழ்த்துவிடுவார்.

'தேவன் அவரை ஓர் எளிய பாத்திரமாக வனைந்து' (இது பாதியிலேயே நிற்கட்டும். இப்படி எழுதி எழுதித்தான் நான் கெட்டேன்.)

உண்மையான தொடக்கம் எங்கள் சபைக்கு வரும் ஒரு தையல்காரரின் மனைவி. என் வயதுக்காரி.

2

அவளுக்கு மார்பில் கட்டி. அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தைய ஞாயிறு, ஜெபத்துக்காக முன்னால் வந்து நின்றாள். அண்ணன் அவள் தலையில் கைவைத்துக் கண்மூடி மைக்கில் சொன்னார்: "கர்த்தர் என்கிட்ட பேசிட்டார். இந்த மகளுக்குக் கத்தி வேண்டாம்."

கூரை அதிர ஆமென் சொன்னோம். அதில் என் குரலும் உண்டு.

அவள் மருத்துவமனைக்குப் போகவில்லை. 'கத்தியில்லாமல் சுகம்' என்று சபையின் மாதப் பத்திரிகையில் அவள் சாட்சியை எழுதியவள் நான்தான். அந்தப் பக்கத்தை வெட்டித் தன் வேதாகமத்துக்குள் வைத்திருந்தாள் என்பது எட்டு மாதம் கழித்து, அவளை அடக்கம் செய்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

(அன்று மழை பெய்ததாக எழுதி அடித்துவிட்டேன். நல்ல வெயில்.)

3

ஒரு வாரம் கழித்து அண்ணன் தையல் கடைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். தையல்காரர் ஒரு பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். மிதிப்பதை நிறுத்தவில்லை.

"பாஸ்டர், ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் கர்த்தர் நெசமாவே உங்ககிட்ட பேசினாரா?"

நான் எழுதும் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வரும் இடம் இது. கேள்வி முடியுமுன் வேதவசனம் சொல்லும் அண்ணன், தரையில் கிடந்த துணித் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா. பேசல. ஜனங்க என் வாயையே பாத்துட்டு இருந்தாங்க. ஏதாச்சும் பெருசா சொல்லணும்னு தோணிச்சு. சொல்லிட்டேன்."

இயந்திரம் நின்றது.

"இத எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? அவ எல்லார் முன்னாடியும்தானே நம்பினா."

4

அண்ணன் சபை முன்னால் உண்மையைச் சொல்லப்போகிறார் என்ற விஷயம் எட்டியதும் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "சபை சிதறிடும் பாஸ்டர். கர்த்தர்கிட்ட தனியா பாவ அறிக்கை பண்ணிக்கங்க, போதும்."

"சபை என்னாலதான் நிக்குதுன்னு நெனச்சேன் பாருங்க, அங்கதான் ஆரம்பிச்சது எல்லாம்" என்றார் அண்ணன்.

ஞாயிறன்று பிரசங்க மேடையை விட்டு இறங்கி, மைக் இல்லாமல் தரையில் நின்றார். "கத்தி வேண்டாம்னு சொன்னது கர்த்தர் இல்ல, நான். அவர் பேரைச் சொல்லி நான் பேசினேன். ஒரு உயிர் போயிடுச்சு. இத்தனை வருஷம் உங்களுக்காக ஜெபிச்சேன். இப்ப எனக்கு ஒரு வார்த்தையும் வரல. யாராச்சும் எனக்காக ஜெபம் பண்ணுங்க."

மண்டியிட்டார்.

கடைசி பெஞ்சிலிருந்த தையல்காரர் எழுந்து வெளியே போனார். அவர் பின்னால் சிலர் போனார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

5

தையல்காரர் திரும்பி வந்து அண்ணனைத் தூக்கிக் கட்டிக்கொண்டதாக முடிக்கச் சொல்கிறார் செயலாளர். அவர் திரும்பி வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

நான் எழுந்து முதல் ஜெபத்தைச் சொன்னதாகவும் முடிக்கலாம். எனக்கு அது பெருமை. ஆனால் என் வார்த்தைகளை நம்பி ஒருத்தி அவற்றை வெட்டி வைத்திருந்தாள். வாயைத் திறக்கப் போய், நான்

முடிவு எழுதப்போவதில்லை. மலருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அண்ணனுக்கு வலது முழங்காலில் வாதம், நெடுநேரம் மண்டியிட முடியாது. உங்களில் யாருக்காவது ஜெபிக்க வருமென்றால், தொடங்குங்கள்.