தங்கச்சிக்கு மண்

பெண் பிறந்த சந்தோஷத்தில் மண்வெட்டியைத் தூக்கிய ஜாத்மிகோவுக்கு, ஒரு முழம் தோண்டுவதற்குள் முகம் செத்துப்போயிற்று.

அவர்கள் வழக்கப்படி பெண் குழந்தையின் நஞ்சுக்கொடியை வாசலுக்கு இடப்பக்கம்தான் புதைக்க வேண்டும். அது வெறும் சதையா என்ன? குழந்தையோடு கூடவே வந்த தங்கை. அப்பன்தான் அதைக் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, சட்டியில் வைத்து, பொழுது சாய்வதற்குள் மண்ணில் இறக்கி விளக்கேற்ற வேண்டும். ஆனால் மண் எங்கே? சுரபாயாவின் ஆற்றோரச் சந்தில் இவனுடையது கடைசி வீடு. சதுப்பில் குப்பையைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் இவன் அப்பா கட்டியது.

பிளாஸ்டிக் பை வந்தது. ஷாம்பு பாக்கெட் வந்தது. பிறகு ஒரு மிட்டாய்த் தாள். துடைத்துப் பார்த்தான். அட கடவுளே, பள்ளிக்கூடக் காலத்தில் இவன் தின்று எறிந்த அதே புளி மிட்டாய்! அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. அப்பாவும் மண்ணோடு மண்ணாகிவிட்டார். தாளில் சிரிக்கிற யானைக்கு மட்டும் ஒரு பல்கூட மங்கவில்லை.

ஜன்னல் வழியே மனைவி வெனிங் பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது? எம் புள்ளையோட தங்கச்சியக் குப்பைக்குள்ளயா போடப் போறீங்க?"

அவள் அழத் தொடங்கினாள். அவன் வெறிபிடித்தவன்போல் வெட்டினான். குப்பைக்கடியிலும் குப்பைதான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மகாராஜா, புதையல் கிடைச்சுதா?"

எதிர்வீட்டு ரூமினி. வாளியோடு வீடு வீடாகப் போய்க் காய்கறித் தோல் கேட்பவள். 'குப்பை மகாராணி' என்று அவளுக்குப் பேர் வைத்ததே இந்த மகானுபாவன்தான். வாளியைக் கண்டாலே கதவைச் சாத்துவான்.

ஜாத்மிகோ குழியோரத்துச் சட்டியைக் காட்டினான். அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"இருக்கிறதையெல்லாம் வழிச்சு வெளிய போடு. மண்ணுக்கு நானாச்சு."

கூடை கூடையாக இழுத்து வந்தாள். ஜாத்மிகோ கையை உள்ளே விட்டான். கறுப்பாக, பொலபொலவென்று, புதுமழை வாசனையோடு மண்! ஒரு முட்டை ஓட்டுச் சில்லு மட்டும் வெள்ளையாக மினுங்கியது.

"அக்கா... நோன்பு மாசம் சந்துல வாங்கிட்டுப் போனீங்களே, அந்தத் தோலும் தண்டுமா இது?"

"அதேதான், மக்கி மண்ணாச்சு. ஹாஜியார் வீட்டுப் பலாச்சக்கை இருக்கு, பலகாரக்காரி வாழையிலை இருக்கு. சந்துல எல்லாரும் இதுல இருக்காங்க. உன் வீடு மட்டுந்தான் இல்ல."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் அவனைச் சுட்டது. குழியை நிரப்பினான். அந்த மண்ணின் நடுவே சட்டியை இறக்கி மூடி விளக்கேற்றினான். விளக்கு காற்றில் அணையாமலிருக்க ரூமினி ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்தாள். கூடையின் ஓட்டைகள் வழியே வெளிச்சம் சிதறியது. வெனிங் குழந்தையை ஜன்னலருகே தூக்கிப் பிடித்தாள்.

வழித்தெடுத்த குப்பை வாசலில் குவிந்து கிடந்தது. மிட்டாய்த் தாள் இன்னும் அவன் சட்டைப்பையில். அதை எங்கே போடுவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ரூமினி கதவைத் திறந்தபோது வாளியோடு அவன் நின்றான். வெனிங்குக்குப் பால் ஊறுவதற்காகச் சமைத்த கீரையின் தண்டுகள் அதில் இருந்தன.

"பெரியவ பங்கு பாலாச்சுக்கா," என்றான். "இது மண்ணுக்குள்ள இருக்கிற சின்னவளுக்கு."