வாசல்ல ஒரு கறுப்பு மேட்

அந்த சேஷகிரியைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். பொம்மனஹள்ளியில என் வீட்டுக்காரர் பச்சைமுத்துவை விட்டிருக்கிற ஹோமுக்கு அவன்தான் மேனேஜர். மறதி முத்திப்போய், நான் வேலைக்குப் போன நேரத்துல ஓசூர் ரோட்டு நடுவுல போய் நின்னுட்டாருன்னுதான் அங்க சேத்தேன்.

"அவருக்கு உங்களை அடையாளமே தெரியல காந்தாம்மா. கூப்பிட்டாலும் வர மாட்டேங்கறாரு. சும்மா வந்து டென்ஷன் பண்ணாதீங்க. இனிமே போன் பண்ணி விசாரிச்சாப் போதும்."

கட்டினவளை வராதேன்னு சொல்ல இவன் யாரு? வாயில நல்லா வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

விசிட்டருங்க உள்ளே போகக்கூடாதாம். நாங்க ஹால்ல உக்காரணும், உள்ள இருக்கறவங்கதான் எழுந்து வரணும். பச்சைமுத்து ஹால் வாசல் வரைக்கும் நல்லாத்தான் நடந்து வந்தாரு. அங்க வந்ததும் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. "வாய்யா, நான்தான்"னேன். பின்னாடி நகர்ந்தாரு. "இத்தனை வருஷம் பொங்கிப் போட்டவ கூப்பிட்டா வரக் கசக்குதா?"ன்னு அவரையே திட்டினேன்.

அப்புறம்தான் பாத்தேன். அவர் கண்ணு என் மேல இல்ல, கீழே இருந்துச்சு. தரையெல்லாம் வெள்ளை டைல்ஸ், வாசலை அடைச்சு ஒரு கறுப்பு மேட். பின்னாடி வந்த கிழவியும் அங்கேயே நின்னு அழுதுச்சு.

"இது என்னத்துக்கு?"

சேஷகிரி பெருமையாச் சிரிச்சான். "மறதி வந்தவங்களுக்கு அது குழி மாதிரி தெரியும்மா. தாண்ட மாட்டாங்க. பூட்டு போட்டா கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க. மேட் போட்டா யாரு கேப்பா?"

"அடப்பாவி! குழிக்குப் பயந்து நிக்கிறவரை, என்னை மறந்துட்டுதான் வரலைன்னு சொல்லி அனுப்பப் பாத்தியா? நாசமாப் போக!" கத்திக்கிட்டே போய் அந்த மேட் மேல ஏறி நின்னேன்.

பச்சைமுத்து அலறினாரு. ஆனாலும் மனுஷன் கண்ணை மூடிக்கிட்டு அதுக்குள்ள குதிச்சாரு. என் கையைப் பிடிச்சு ஹால் பக்கம் இழுத்தாரு. ரெண்டு பேரும் விழுந்தோம்.

"பாத்தீங்களா, கை ஓங்குறாரு. மாடி ரூமுக்கு மாத்திட வேண்டியதுதான்"னான் சேஷகிரி.

பச்சைமுத்து என் காலைத் தடவித் தடவிப் பாத்தாரு. அடி இல்லைன்னு தெரிஞ்சதும் என் மேல பாஞ்சாரு. "ஏம்மா, கண்ணு தெரியலையா உனக்கு? குழிக்குள்ள போயிருந்தா உன் புருஷன் என்ன ஆயிருப்பான்?"

என்னை அவருக்குத் தெரியல. யாரோ ஒருத்திக்காகத்தான் குதிச்சிருக்காரு. வாய்விட்டு அழுதேன்.

"செத்தே போயிருப்பாருய்யா"ன்னு சொல்லி, அவரைத் தூக்கி நிறுத்தி, தெருக் கதவுப் பக்கம் நடத்தினேன். சேஷகிரி குறுக்க வந்து நின்னான். தைரியம் இருந்தா அவர் மேல கையை வெச்சுப் பாருன்னேன்.