தரையில் கிடந்த தாடை

தாரோக் கையிலிருந்த கடைசிக் கொட்டையையும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தபோதுதான் சிம்பே அந்தப் பன்றித் தாடையைப் பார்த்தாள். சாம்பல் குழிக்கு அப்பால், தரையில், பற்கள் மேலே தெரியக் கிடந்தது. அதைச் சுற்றிலும் குரங்குகளின் கால்தடங்கள்.

கருங்கொட்டையைப் பறித்தபடியே தின்றால் ஆளைக் கொன்றுவிடும். சுட்டுச் சாம்பலில் புதைத்து, நஞ்சு போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். புதைத்தவள் குழியின்மேல் ஒரு பன்றித் தாடையை வைப்பாள். பக்குவமானதும் அவளே அதை எடுத்துக் குகைச் சுவரின் இடுக்கில் செருகிவிடுவாள். தாடை இருக்கும் குழியை யாரும் தொடுவதில்லை. இல்லாத குழியை யாரும் தோண்டலாம்.

காலையில் குழியின்மேல் தாடை இல்லை. விடாத மழையில் காட்டில் அலைந்து வெறுங்கையோடு திரும்பிய புருஷன் தாரோக் பசியில் சுருண்டு கிடந்தான். சிம்பே சுவர் இடுக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோண்டினாள், உடைத்தாள், கொடுத்தாள்.

குழி தாரோக்கின் அக்கா குயாயுடையது. அவள் விடிந்ததுமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிப்பி பொறுக்க ஆற்றுக்குப் போய்விட்டாள். தாடையை எடுத்தது அவளா, குரங்கா? நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. அரைப்பக்குவக் கொட்டையும் பழுப்பாகத்தான் இருக்கும். சிம்பேயின் தம்பி சிறு வயதில் தின்றதும் பழுப்புக் கொட்டைதான். காற்றுக்காக அவன் வாய் திறந்து திறந்து மூடியதை அவள் மறந்ததில்லை.

அவள் அதிகம் பேசாதவள். இதையும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லாவிட்டால் அது நடக்கவே நடக்காது என்பதுபோல.

"இந்தாய்யா, துப்பு."

"என்னடி?"

"துப்புன்னா துப்பு. தாடை கீழ கெடக்கு. குரங்கு தட்டிவிட்டுருக்கும்போல. பக்குவமாச்சா இல்லையான்னு தெரியல."

தாரோக் மெல்லுவதை நிறுத்தினான். வாயில் இருந்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் உள்ளே போயிருந்தது.

தீயில் மூங்கில் ஈட்டியின் முனையை வாட்டிக்கொண்டிருந்த பெலான், தாரோக்கின் அத்தை மகன், எழுந்து ஓடிவந்தான். இருவாச்சிப் பறவையின் இறகு ஒன்றை எடுத்து நீட்டினான்.

"மச்சான், வாயத் தொற. இதத் தொண்டையில விட்டுக் கிண்டு."

"நீ போடா. எத்தன நாள் கழிச்சுத் தின்னுருக்கேன்!"

"கிண்டுய்யா," என்றாள் சிம்பே. அவள் குரலைக் கேட்டுத் தாரோக் இறகை வாங்கிக்கொண்டான்.

எல்லாம் வெளியே வந்தது. கண்ணில் நீர் வழிய, பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பெலான் குயாயைத் தேடி ஆற்றுப் பக்கம் ஓடினான்.

சிம்பே புருஷன் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். வெளியே மழை ஓய்ந்து இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. அவள் அதையெல்லாம் கேட்கவில்லை. கைக்கு அடியில் முதுகு ஏறுவதும் இறங்குவதும் மட்டும்தான். ஒருமுறை இறங்கிய முதுகு ஏறத் தாமதித்தது. அவள் விரல்கள் தாமாக அழுந்தின.

"நகத்த எடுடி, வலிக்குது."

"பேசாத. மூச்சு விடு."

"தல சுத்துது."

அவள் தம்பியும் முதலில் அதைத்தான் சொன்னான். பசியிலும் வாந்தியிலும் யாருக்கும் தலை சுற்றும் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த ஆறுதல் மனதில் தங்கவில்லை. வெயில் குகை வாயில் விழுந்து, மெல்ல நகர்ந்து, குழியின் சாம்பலைத் தொட்டது.

முதலில் வந்தது சிரிப்பு. சரிவுக்குக் கீழே, மூச்சிரைக்க, வெட்கமில்லாத சிரிப்பு. குயாய்தான். சாவு கேட்டு வருகிறவள் அப்படிச் சிரிக்க மாட்டாள். சிம்பேயின் கை முதுகிலிருந்து துவண்டு விழுந்தது.

இடுப்பில் பிள்ளையும் தோளில் சிப்பிக் கூடையுமாகக் குயாய் உள்ளே வந்தாள். பின்னாலேயே பெலான்.

"ஏலே, இன்னும் சாகலையா நீ? தாடைய நான்தான்டா எடுத்தேன். நேத்தே நானும் என் பயலும் தின்னாச்சு. பாரு, எப்படிக் கொழுத்திருக்கான்!"

"அப்ப அது ஏன் தரையில கெடக்கு?" என்றாள் சிம்பே.

"இவன் வீல்னு கத்துனான். கையில இருந்தத அப்படியே போட்டுட்டு ஓடுனேன்."

"இடுக்குல செருகியிருக்கலாம்ல மதினி."

மெதுவாகத்தான் சொன்னாள். குயாயின் சிரிப்பு அடங்கியது. தாரோக்கின் வெளிறிய முகத்தைப் பார்த்தாள். கூடையை இறக்கிவிட்டு, குனிந்து தாடையை எடுத்துச் சாம்பலைத் துடைத்தாள். சுவர் இடுக்கில் வைத்து, அசைகிறதா என்று இழுத்துப் பார்த்து, ஒரு கல்லால் தட்டி இறுக்கினாள்.

"செருகியிருக்கணும் புள்ள," என்றாள்.

தாரோக் தலையை நிமிர்த்தினான்.

"அப்ப நான் கக்குனது?"

"நல்ல சாப்பாடு மச்சான்," என்றான் பெலான். "உன் பொண்டாட்டி பாத்துப் பாத்து உடைச்சது."

தாரோக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். சிம்பேக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு குழியருகே போய் முழங்கை வரை கையைச் சாம்பலுக்குள் விட்டாள். ஒரு கொட்டையை எடுத்து உடைத்து, எல்லோரும் பார்க்க, முதலில் தன் வாயில் போட்டாள். கசக்கவில்லை. கொழுப்பும் புகையுமாக நாக்கில் கரைந்தது.

"எனக்குடி," என்றான் தாரோக், கையை நீட்டி.

"இருய்யா. நானும் காலையிலேருந்து ஒண்ணும் தின்னல."