பழைய நூறு, புதிய நூறு

செக்காலை ரோட்டில் இருக்கிற ஆசைத்தம்பியின் கடைக்குப் பழுதுபார்க்க வருவதெல்லாம் இன்வெர்ட்டரும் யூ.பி.எஸ்ஸும்தான். எப்போதாவது ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு வரும். அதனால் அன்றைக்கு ஆட்டோவிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டி இறங்கியபோது, பழைய காலத்து ஸ்டெபிலைசர் போலிருக்கிறது என்றுதான் அவன் நினைத்தான்.

"கித்தார் ஆம்ப்ளிஃபயர் தம்பி. உள்ள வால்வு இருக்கு. பாப்பீகளா?" என்று கேட்டார் கொண்டுவந்தவர்.

பெயர் சிகப்பி. நாச்சியாபுரத்துக்காரர். ஐம்பத்திரண்டு வயது. மலேசியாவில், ஈப்போவில், இருபத்தைந்து வருடம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம்தான் ஊர் திரும்பியிருந்தார். அங்கே அலுவலகத்து ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்து சனிக்கிழமை தோறும் பாட்டு வாசிப்பார்களாம். கித்தார் இவருடையது. ஈப்போவில் மூடப்போகிற ஒரு கடையில் பழையதாக வாங்கிய பெட்டி அது. சேலை, பாத்திரத்தை எல்லாம் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தவர், பெட்டியை மட்டும் கப்பலில் ஏற்றிவிட்டார்.

"என்ன செய்யுது ஆச்சி?"

"போட்டு பத்து நிமிசம் ஆனா தாளிக்க ஆரம்பிச்சிரும். நான் கம்பியத் தொடவே வேண்டாம், அதுபாட்டுக்குக் கடுகு பொரியும். வால்வ மாத்துங்கன்னாக. மாத்தியும் பாத்துட்டேன். கேக்கல."

வால்வு வைத்த சாமான் எதையும் ஆசைத்தம்பி அதுவரை கழற்றியதில்லை. தெரியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் பின்பக்கத்துக் கம்பி வலை வழியாக உள்ளே பார்த்துவிட்டான். பழைய வால்வு ரேடியோவில் இருப்பதைப் போல நாலு கண்ணாடிக் குமிழ்கள். பார்த்த பிறகு திருப்பி அனுப்ப மனசு வரவில்லை.

"வச்சிட்டுப் போங்க. ஒரு வாரம் ஆகும்."

யூ.பி.எஸ்ஸில் முந்நூறு வோல்ட்டோடு புழங்கி, ஒருதரம் சுவரில் போய் மோதியவன் அவன். ஆகவே பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாகக் கண்டென்சரில் தங்கியிருந்த மின்சாரத்தை இறக்கினான். அப்புறம்தான் நிதானமாகப் பார்த்தான். உள்ளே சர்க்யூட் போர்டே கிடையாது. ஒவ்வொரு சாமானும் காலோடு கால் பிணைத்து ஈயம் வைக்கப்பட்டிருந்தது. நடுநடுவே, சாக்பீஸ் துண்டு மாதிரி, பழுப்பு நிறத்தில் ரெசிஸ்டர்கள்.

கரண்டைக் கொடுத்து, சூடாக விட்டான். பத்தாவது நிமிஷம் கடுகு பொரிந்தது. ஒரு மூங்கில் குச்சியை எடுத்து, சாமான்களை ஒவ்வொன்றாக லேசாகத் தட்டிக்கொண்டே போனான். முதல் வால்வுக்குப் பக்கத்தில் இருந்த ரெசிஸ்டரைத் தொட்டதும் 'சொர்ர்' என்று ஸ்பீக்கர் சீறியது. இன்னொருதரம் தொட்டான். இன்னொருதரம் சீறியது.

வால்வுக்குப் போகிற உயர் வோல்ட் மின்சாரம் அந்த ரெசிஸ்டர் வழியாகத்தான் போகிறது. கித்தாரின் ஓசை கிளம்புவதும் அதே முனையிலிருந்துதான். அது இருமினால் அந்த இருமலும் ஓசையோடு சேர்ந்து பெருகி வெளியே வரும். கழற்றி மீட்டரில் வைத்தான். எண் ஓர் இடத்தில் நிற்காமல் ஆடியது.

மேலே பழுப்பு, கறுப்பு, மஞ்சள் பட்டைகள். அதாவது நூறு கிலோ ஓம், அவன் பாஷையில் நூறு கே. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் நூறு கே கேட்டால் கைநிறைய அள்ளிக் கொடுப்பார்கள், எல்லாம் கால் வாட். ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தான். அந்த இடத்தில் விழுவது நூற்றைம்பது வோல்ட். கிட்டத்தட்டக் கால் வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டரை வைத்தால் தூக்கக்கூடிய முழுச் சுமையையும் தலையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற ஆளைப் போல நிற்கும். எத்தனை நாளைக்கு? மறுநாள் காலையில் மதுரைக்குப் பஸ் ஏறினான்.

மதுரையில் அவன் வழக்கமாக வாங்குகிற கடையின் கல்லாவில் அகல்யா என்ற பெண் இருந்தாள். முதலாளியின் மகள். இன்ஜினீயரிங் படித்தவள்.

"நூறு கே, ஒரு வாட் வேணும்மா."

"வோல்ட்டு எவ்வளவுண்ணே வரும்?"

"வாட்டு சரியா இருந்தாப் போதாதா?"

"போதாதுண்ணே. ஒவ்வொரு ரெசிஸ்டரும் இம்புட்டு வோல்ட்டுதான் தாங்கும்னு தனிக் கணக்கு இருக்கு. கால் வாட்டு இருநூத்தம்பது வரைக்கும் தாங்கும். நீங்க எதுக்குப் போடப் போறீங்க?"

சொன்னான். அவள் புருவம் உயர்ந்தது.

"வால்வா? அப்ப வால்வு ஷார்ட் ஆச்சுன்னா முழு வோல்ட்டும் ரெசிஸ்டர் தலையிலதான விழும்? இந்தாங்க, இது ஐந்நூறு தாங்கும். மெட்டல் ஃபிலிம். பழைய கார்பன் ரெசிஸ்டரைவிட இரைச்சல் கம்மி."

பத்து வாங்கினான். இவ்வளவு தூரம் வந்ததற்கு இருக்கட்டும் என்று நாற்பத்தேழு கேயிலும் நாலு வாங்கிக்கொண்டான்.

ரெசிஸ்டரை மாற்றியதும் பெட்டி அமைதியானது. அரை மணி நேரம் ஓடவிட்டான். கப்சிப். வந்த உற்சாகத்தில், இரண்டாவது வால்வுக்குப் பக்கத்தில் இருந்த அதே மாதிரியான பழைய ரெசிஸ்டரையும் கழற்றிவிட்டுப் புதிது வைத்தான். அது எந்தத் தொல்லையும் தரவில்லைதான். இன்றில்லாவிட்டால் நாளைக்குத் தரும் என்று அவனுக்குப் பட்டது.

சிகப்பி ஆச்சி கித்தாரோடு வந்தார். பெட்டியைப் போட்டுவிட்டுக் காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. அப்புறம் வாசித்தார். நாலு வரி வாசித்ததும் கை நின்றது.

"தாளிப்பு போயிருச்சு தம்பி. கூடவே வேற எதுவோ போயிருச்சு."

"எது ஆச்சி?"

"எப்படிச் சொல்ல... முன்னாடி புளிச்ச மாவா இருந்துச்சு. இப்ப அன்னைக்கு அரைச்ச மாவு மாதிரி இருக்கு. தப்புன்னு சொல்லல."

வேறு ஆளாக இருந்தால் ஆசைத்தம்பிக்குக் கோபம் வந்திருக்கும். ஆச்சி குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. அவரே புரியாமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையைச் சாத்துவதற்கு முன்னால் அவன் போனில் தேடினான். உலகம் முழுக்க இதே சண்டைதான். பழைய கார்பன் ரெசிஸ்டருக்குத் தனி இனிமை உண்டு என்று ஒரு கூட்டம். அதெல்லாம் மனப்பிரமை என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். யாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதே போனில் ஆச்சியைக் கூப்பிட்டான். "ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பீகளா? ஒண்ணு செஞ்சு பாக்கணும்."

நாச்சியாபுரத்து வீட்டில், ஆச்சி கித்தார் வாசிக்கிற அறையில், பெட்டியைத் திறந்து வைத்தான். இரண்டாவது வால்வின் ரெசிஸ்டர் இருந்த இடத்தில் ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் புதிய ரெசிஸ்டர், மறுபக்கம் கழற்றிய பழையது. அது இரையாத ரெசிஸ்டர் என்பதால் இரைச்சலை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

"நீங்க சன்னல் பக்கமாத் திரும்பி உக்காருங்க. நான் காசு சுண்டுவேன். தலை விழுந்தா பழசு, பூ விழுந்தா புதுசு. நீங்க ஒரே பாட்டை, ஒரே மாதிரி வாசிக்கணும். எதுன்னு சொல்லணும்."

"சுவிட்ச் சத்தத்துல தெரிஞ்சிராதா?"

"ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு வாட்டி தட்டுவேன்."

"உங்க மூஞ்சியில தெரிஞ்சிராதா?"

"அதுக்குத்தான் திரும்பச் சொல்றேன்."

ஆச்சி சிரித்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். ஆசைத்தம்பி வால்வுக்குப் போகிற மின்சாரத்தை நிறுத்துவான், காசு சுண்டுவான், சுவிட்சைத் தட்டுவான், மறுபடி மின்சாரம் கொடுத்து இருபது எண்ணுவான். ஆச்சி வாசிப்பார். "பழசு." "புதுசு." "புதுசு." "பழசு." அவன் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தான். ஆறாவது தடவை தப்பாகச் சொன்னார். மற்றபடி எல்லாம் சரி. பத்துக்கு ஒன்பது.

தாளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். மனப்பிரமை என்றுதான் அவன் உள்ளுக்குள் நம்பியிருந்தான்.

"என்ன தம்பி, பாஸா பெயிலா?"

"இருங்க ஆச்சி."

காசு சுண்டி ஒன்பது சரியாக வருவதற்கு ஆயிரத்தில் பத்துதான் வாய்ப்பு. அப்படியானால் ஆச்சியின் காதுக்கு எதுவோ கேட்கிறது. கேட்பது கார்பனா? இரண்டு ரெசிஸ்டரையும் கழற்றி மீட்டரில் வைத்தான். புதியது தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. பழையது...

மீட்டரின் கம்பி முனைகளை மாற்றிப் பிடித்தான். பாட்டரியைச் சோதித்தான். மறுபடி வைத்தான். நூற்று நாற்பத்தெட்டு.

"ஆச்சி, இங்குட்டு வாங்க. நூறுன்னு பட்டை போட்டிருக்குல்ல? இப்ப நூத்தி நாப்பத்தெட்டா இருக்கு. வயசாக ஆக ஏறியிருக்கு."

"ஏறுனா என்ன ஆகும்?"

"அந்த வால்வு கொஞ்சம் கூடப் பெருக்கும். கொஞ்சம் சீக்கிரம் திணறும். உங்க புளிச்ச மாவு அதுவா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன்."

பையைத் துழாவினான். புதிய நூறும் புதிய நாற்பத்தேழும் இருந்தன. காலோடு கால் சேர்த்து ஈயம் வைத்தான். நூற்று நாற்பத்தேழு. சுவிட்சின் ஒரு பக்கம் அது, மறுபக்கம் பழைய கார்பன். ஆச்சி சொல்லாமலே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தத் தடவை நேரம் பிடித்தது. ஒரே வரியை இரண்டு மூன்று தரம் வாசித்துப் பார்த்தார். "பழசு... இல்ல, இருங்க. புதுசு." நாலாவது தடவைக்குப் பிறகு, "தம்பி, இப்ப குருட்டாம்போக்குல சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார். இருந்தாலும் பத்தையும் முடித்தார்கள். ஐந்து சரி, ஐந்து தப்பு.

ஆசைத்தம்பி அறை அதிரச் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. பஸ்ஸில் போனதும், அந்தப் பெண் வோல்ட் கேட்டதும், போனில் படித்த சண்டைகளும் சேர்ந்து வந்த சிரிப்பு. கார்பனும் இல்லை, பிரமையும் இல்லை, வெறும் எண்.

ஆச்சி சிரிக்கவில்லை. கித்தாரை மடியில் படுக்கவைத்துவிட்டு யோசித்தார்.

"இத செஞ்சவன் நூறுதான வச்சான்?"

"ஆமா."

"அப்ப அவன் நெனச்ச சத்தம், நான் போன வாரம் புடிக்கலைன்னு சொன்னேனே, அதுதானா?"

"அந்த ஒரு இடத்தைப் பொறுத்தவரைக்கும் அதுதான்."

"நான் வாங்கும்போதே அது ஏறிப்போயிருக்கும். அதக் கேட்டுத்தான ஆசைப்பட்டு வாங்குனேன்." பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "இன்னும் ஏத்துனா என்ன ஆகும்?"

அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நூறைச் சேர்த்து இருநூறு வைத்தான். ஆச்சி இரண்டு வரி வாசித்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "இது ரொம்பப் புளிச்சுப் போச்சு." நூற்று நாற்பத்தேழோடு இன்னொரு நாற்பத்தேழைக் கோத்து நூற்றுத் தொண்ணூற்று நாலு வைத்தான், அதுவும் வேண்டாம் என்றார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இன்வெர்ட்டர் ஓடவில்லை என்று கடைக்காரர் ஒருவர் மூன்று தடவை கூப்பிட்டார். ஆசைத்தம்பி எடுக்கவில்லை.

கடைசியில் நூற்று நாற்பத்தேழையே நிலையாக வைத்தான். முதல் வால்வில் புதிய நூறு அப்படியே இருக்கட்டும் என்று ஆச்சி சொல்லிவிட்டார். பின்பக்கத்தை மூடுவதற்கு முன்னால் ஒரு சின்னத் தாளில் எழுதி, பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டினான்: 'இரண்டாம் வால்வில் 147. தெரிந்துதான் வைத்திருக்கிறோம். நூறாக மாற்ற வேண்டாம்.'

ஆச்சி குனிந்து அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். கீழே ஒரு வரி சேர்த்தார்: 'மாற்றுவதானால் முதலில் கேட்டுப் பார்க்கவும்.'